ரெக்கையை விரித்துப் பார்த்தால் என்ன தெரியும்?

வாட்ஸப்பைத் திறந்தால் புறா ரெக்கைதான். ஒரு கை புறாவைப் பிடித்திருக்கும், இன்னொரு கை ரெக்கையை முழுசாக இழுத்து விரித்திருக்கும். கீழே கேள்வி: "அண்ணே, ரெக்கை எப்படி? ஐந்நூறு கிலோமீட்டர் வருமா?"

எனக்குத் தெரியாது தம்பி. போட்டோ அனுப்பிய உங்களுக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. ஆனால் அதே புறாவை என் கையில் கொடுத்தால் வேறு பல விஷயங்களைச் சொல்லிவிடலாம். குஞ்சில் பட்டினி கிடந்ததா, தாய் தகப்பனிடமிருந்து பிரித்தபோது சரியாகத் தின்றதா, பேன் இருக்கிறதா, இந்த மாதம் பந்தயத்துக்கு அனுப்பலாமா, எல்லாம் இறகில் இருக்கிறது. நம்மில் பலர் ரெக்கையை ஜாதகம் பார்ப்பதுபோல் பார்க்கிறோம். அதில் எழுதியிருப்பது வரப்போகிற வெற்றி அல்ல, நடந்து முடிந்த வளர்ப்பு. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் பாதி பணம் மிச்சம்.

முதலில் ஒரு தெளிவு. 2015-இல் வந்த 'மாரி' படத்தைப் பார்த்துப் புறாப் பக்கம் வந்தவர்கள் நிறையப் பேர். நம்ம சென்னையில் மாடிக்கு மாடி ஒவ்வொரு ஆசை. கர்ணம் அடிக்கிற புறாவை வளர்ப்பவர் ஒருவர், மணிக்கணக்காக மேலேயே நிற்கிற சாதா புறாவை வளர்ப்பவர் இன்னொருவர். நான் இங்கே பேசுவது ஹோமரைப் பற்றி மட்டும். வடக்கே நெல்லூர், ஓங்கோல், விஜயவாடா என்று ரயில் போகிற திசையில் கொண்டுபோய்த் திறந்துவிட்டால் நேராக வீட்டுக்கு வந்து சேரவேண்டிய புறா. கர்ணப் புறாவுக்குச் சொல்லும் ரெக்கை லட்சணத்தை ஹோமருக்குப் பார்த்துக் குழம்பாதீர்கள். அதன் வேலை வேறு, இதன் வேலை வேறு.

ரெக்கைக்குள் என்ன இருக்கிறது

ஹோமரின் ரெக்கையில் வெளிப்பக்கம் பத்து நீள இறகுகள். நம் ஆட்கள் இவற்றை பிரைமரி அல்லது ஃபிளைட் என்பார்கள். உள்ளிருந்து வெளியே எண்ண வேண்டும். ரெக்கையின் நடுவில் இருப்பது ஒன்று, நுனியில் இருப்பது பத்து. இந்தப் பத்தும் புறாவின் 'கை' எலும்பில் ஊன்றியிருக்கின்றன. முன்னால் தள்ளும் விசை முக்கியமாக இங்கிருந்துதான் வருகிறது. உள்பக்கம், முழங்கை எலும்பில் ஊன்றியவை செகண்டரி. புறாவைக் காற்றில் தாங்கிப் பிடிப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு. வாலில் பன்னிரண்டு இறகுகள்.

ஒரு பிரைமரி இறகை நெருக்கமாகப் பாருங்கள். தண்டின் இரண்டு பக்கமும் ஒரே அகலம் இருக்காது. காற்றை எதிர்கொள்ளும் பக்கம் குறுகலாகவும் பின்பக்கம் அகலமாகவும் இருக்கும். நுனியை நோக்கிப் போகப் போக இந்த ஏற்றத்தாழ்வு அதிகம். ரெக்கை கீழே அடிக்கும்போது இறகுகள் ஒன்றன்மேல் ஒன்று அழுந்திக் காற்றை அடைத்துக்கொள்ளும். மேலே தூக்கும்போது ஒவ்வொன்றும் கொஞ்சம் திரும்பிக் காற்றுக்கு வழிவிடும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நிமிடத்துக்கு 1000 மீட்டர், அதாவது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற புறா 500 கிலோமீட்டரைக் கடக்க 8 மணி 20 நிமிடம் ஆகும். 30,000 விநாடி. விநாடிக்கு ஆறு ரெக்கையடி என்று வைத்துக்கொண்டால் ஒரு லட்சத்து எண்பதாயிரம் தடவை ரெக்கையடிக்க வேண்டும். ஓர் இறகில் சின்ன ஓட்டை, சின்ன வளைவு இருந்தால் ஒரு அடியில் ஒன்றும் தெரியாது. ஒரு லட்சத்து எண்பதாயிரம் அடியில் தெரியும். இறகின் தரம் முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

ரெக்கைச் சித்தாந்தம்

பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் ரொம்ப காலமாக ஒரு கூட்டம் உண்டு. ரெக்கையின் வடிவத்தைப் பார்த்தே புறாவின் தூரத்தைச் சொல்லிவிடலாம் என்பார்கள். அங்கே தொடங்கியதுதான் இன்று நம் குரூப்புகளில் சுற்றுகிறது. சுருக்கமாகச் சொன்னால் மூன்று விதி.

ஒன்று, கடைசி நான்கு இறகு, அதாவது ஏழு முதல் பத்து வரை, குறுகலாகவும் நுனியில் இடைவெளி விட்டும் இருக்க வேண்டும். இரண்டு, நீண்ட தூரப் புறாவுக்குப் பின் ரெக்கை, அதாவது செகண்டரி, கட்டையாக இருக்க வேண்டும், குறுந்தூரப் புறாவுக்கு அது அகலமாக இருக்கலாம். மூன்று, செகண்டரி முடிந்து பிரைமரி தொடங்கும் இடத்தில் ஒரு படி இருக்க வேண்டும். இல்லை, இருக்கவே கூடாது, ஒரே சீராக ஓட வேண்டும்.

மூன்றாவது விதியை நான் தப்பாக எழுதவில்லை. ஒரு கட்சி படி வேண்டும் என்கிறது, இன்னொரு கட்சி கூடாது என்கிறது. இரண்டு கட்சியிடமும் ஜெயித்த புறாவின் போட்டோ இருக்கிறது.

முதல் விதியில் கொஞ்சம் நியாயம் உண்டு என்பது என் எண்ணம். குறுகிய நுனி இறகுகள் காற்றை எளிதாக நழுவவிடும். நான் பார்த்த நல்ல தூரப் புறாக்கள் பலவற்றில் அந்த அமைப்பு இருந்தது. ஆனால் அதே அமைப்போடு முதல் டாஸிலேயே, அதாவது பயிற்சிக்குக் கொண்டுபோய்த் திறந்துவிட்ட முதல் தடவையே, தொலைந்து போனவையும் உண்டு. தொலைந்த புறாவின் ரெக்கையை யாரும் போட்டோ எடுத்து குரூப்பில் போடுவதில்லை. கணக்கு கோணலாவது அங்கேதான்.

போட்டோவில் இன்னொரு கோளாறு. இழுக்கிற கை எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு இடைவெளி. முன்னால் தள்ளி இழுத்தால் படி மறைந்துவிடும், பின்னால் விட்டால் படி தெரியும். ஒரே புறாவின் ஒரே ரெக்கையை இரண்டு விதமாகக் காட்டலாம். அதைவிட முக்கியம், புறா அப்படி முழுசாக விரித்துக்கொண்டு பந்தயத்தில் பறப்பதே இல்லை. 1968-இல் காலின் பென்னிகுயிக் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் காற்றுச் சுரங்கத்தில் புறாவைச் சறுக்கவிட்டு அளந்தார். வேகம் கூடக் கூடப் புறா தன் ரெக்கையைச் சுருக்கிக்கொள்கிறது. நாம் பிடித்து இழுத்துப் படம் எடுப்பது, புறா மெதுவாக வந்து இறங்கும் நேரத்து ரெக்கையைத்தான்.

குறுக்குக் கோடு படிப்பது

எனக்குப் பிடித்த பகுதி இது. புறாவின் நீள இறகை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சில சமயம் தண்டுக்குக் குறுக்கே மெல்லிய கோடு தெரியும். அந்த இடத்தில் இழை நலிந்திருக்கும், சில சமயம் அறுந்தே இருக்கும். ஆங்கிலக்காரர்கள் ஃபிரெட் மார்க் என்பார்கள். இறகு வளர்ந்துகொண்டிருந்த நேரத்தில் உடம்புக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்று அர்த்தம். பட்டினி, காய்ச்சல், தொண்டைப் புண், பயம், மருந்து, ஏதோ ஒன்று.

இறகு நுனியில் தொடங்கி அடிவரை வளர்கிறது. முதலில் முளைத்தது நுனி, கடைசியில் முளைத்தது அடி. ஆகவே கோடு நுனிக்குப் பக்கம் இருந்தால் பிரச்சினை ஆரம்பத்தில் வந்தது, அடிக்குப் பக்கம் இருந்தால் கடைசியில் வந்தது.

குஞ்சுக்கு எல்லா நீள இறகும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வளர்கின்றன. அதனால் கூட்டில் ஒரு கெட்ட நாள் வந்தால் அது எல்லா இறகிலும் அடுத்தடுத்து வரிசையாகப் பதிந்துவிடும். ரெக்கையை விரித்தால் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை கோடு ஓடும். அந்த வரிசை அடிப்பக்கம் இருந்தால் பெரும்பாலும் தாய் தகப்பனிடமிருந்து பிரித்த நேரம். குஞ்சு தானாகத் தின்னக் கற்றுக்கொள்வதற்கு முன் பிரித்திருக்கிறார்கள், அல்லது தண்ணீர்ப் பானை எங்கே என்று அதற்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. வளர்ந்த புறா அப்படி இல்லை. அது இறகை ஒவ்வொன்றாக மாற்றுவதால் ஒரு கெட்ட வாரம் வந்தால் அந்த நேரத்தில் வளர்ந்துகொண்டிருந்த ஒன்றிரண்டு இறகில் மட்டும் கோடு விழும். எத்தனையாவது இறகு என்று பார்த்தால் ஏறக்குறைய எந்த மாதம் என்றுகூடச் சொல்லிவிடலாம்.

"கோடு இருந்தால் புறாவை ஒதுக்கிவிடவா?" என்று கேட்பார்கள். ஒரு கோடு இருந்தால் வேண்டாம். அது புறாவின் குற்றமே இல்லை, வளர்த்தவரின் கவனக்குறைவு. இறகு மாறியதும் போய்விடும். ஆனால் ஒரே கூண்டில் எல்லாக் குஞ்சுக்கும் ஒரே இடத்தில் கோடு இருந்தால், அந்தக் கூண்டில் குஞ்சு வாங்காதீர்கள்.

இறகு மாறும் காலத்தில் மருந்து விஷயத்தில் கவனம் வேண்டும். ஃபென்பெண்டசோல், அல்பெண்டசோல் வகைக் குடற்புழு மருந்துகள் புறாவுக்கு நஞ்சாகலாம். வளர்கிற இறகைக் கோணலாக்கும், உயிருக்கும் ஆபத்து உண்டு. ஆட்டுக்குக் கொடுக்கிறார்கள், நாய்க்குக் கொடுக்கிறார்கள் என்று நாமே அளவு போட்டு ஊற்றக்கூடாது. கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

கையில் பட்டால் தெரிவது

நல்ல இறகுள்ள புறாவைக் கையில் எடுத்தால் வழுக்கும். காய்ந்து, பிரிந்து, சொரசொரப்பாக இருந்தால் ஏதோ குறை. இதற்கு ஒரு சுலபமான சோதனை, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு புறாவைப் பிடிப்பது. வெள்ளைத் தூள் ஒட்ட வேண்டும். புறாவின் உடம்பில் சில இறகுகள் நுனியில் தூளாக உதிர்ந்துகொண்டே இருக்கும். அந்தத் தூள்தான் மற்ற இறகுக்குப் பூச்சு, தண்ணீர் ஒட்டாமல் வைப்பதிலும் அதற்குப் பங்குண்டு. குளிக்கத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். ஆரோக்கியமான புறாக்கள் குளித்து எழுந்த பிறகு தண்ணீர்மேல் வெள்ளையாக ஆடை படிந்திருக்கும். அது அழுக்கு அல்ல, நல்ல சேதி. ஆடை படியாத வாரம் தீனியையும் எச்சத்தையும் கவனியுங்கள்.

இந்தத் தூள் புறாவுக்கு நல்லது, நமக்கு அல்ல. வருஷக்கணக்கில் மூச்சில் போனால் நுரையீரலில் ஒவ்வாமை நோய் வரலாம். புறா வளர்ப்பவர் நுரையீரல் என்று அதற்கு மருத்துவத்தில் பெயரே இருக்கிறது. கூண்டு கூட்டும்போது முகக்கவசம் போடுங்கள். இருமலும் மூச்சுத் திணறலும் தொடர்ந்தால் மருத்துவரிடம் புறா வளர்ப்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்தது பேன். ரெக்கையை வெளிச்சத்தில் பிடித்தால் இழைகளுக்கு நடுவே நீளவாக்கில் ஒல்லியாகச் சில பூச்சிகள் ஒட்டியிருக்கும். சில புறாவின் இறகில் ஊசி குத்தியதுபோல் ஓட்டைகளும் இருக்கும். புறா இந்தப் பேன்களை அலகால்தான் கோதி நசுக்குகிறது. மேல் அலகின் நுனி கீழ் அலகைத் தாண்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீண்டிருக்குமே, அதற்கு இதுதான் வேலை. அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த நுனியை மட்டும் வெட்டிப் பார்த்தார்கள், பேன் பெருகியது. அழகுக்காக அலகு நுனியை வெட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ரெக்கையைத் திறந்ததும் தட்டையான ஈ ஒன்று குபுக்கென்று பறந்து உங்கள் சட்டைக்குள் போனால் அது புறா ஈ. அது ரத்தம் குடிப்பதோடு நிற்காது, ரத்தத்தில் ஒட்டுண்ணியையும் பரப்பும்.

நிறத்தைப் பற்றியும் கேட்பார்கள். கறுப்பு நிறமி உள்ள இறகு தேய்மானத்தைக் கூடுதலாகத் தாங்கும், இது ஆய்வில் தெரிந்தது. வெள்ளை நுனி கொஞ்சம் சீக்கிரம் தேயலாம். அதற்காக வெள்ளை ரெக்கைப் புறாவை ஒதுக்கிவிடாதீர்கள். வருஷத்துக்கு ஒருமுறை எல்லாம் புதிதாகி விடுகிறது.

எத்தனையாவது இறகு விழுந்திருக்கிறது?

பந்தயத்துக்கு அனுப்பலாமா என்ற கேள்விக்கு ரெக்கை கொடுக்கும் தெளிவான பதில் இதில்தான் இருக்கிறது. பிரைமரி ஒன்றிலிருந்து தொடங்கிப் பத்துவரை வரிசையாக விழும், இரண்டு ரெக்கையிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில். முழுசாக முடிய ஐந்தாறு மாதம் பிடிக்கும். குஞ்சுக்கு ஒன்றரை மாத வயதை ஒட்டியே முதல் இறகு விழத் தொடங்கிவிடும். வளர்ந்த ஜோடிக்குப் பொதுவாக இரண்டாம் ஈட்டு முட்டையில் உட்கார்ந்திருக்கும்போது தொடங்கும்.

உள்ளே இருக்கும் ஒன்று, இரண்டு, மூன்று விழுந்திருந்தால் பறப்பதில் பெரிய பாதிப்பு இல்லை. எட்டு, ஒன்பது, பத்து விழுந்தால் நிலைமை வேறு. முன்னால் தள்ளும் விசை அங்கேதான் அதிகம். அந்த இடத்தில் ஓட்டையோடு நீண்ட தூரம் அனுப்பினால் புறா களைத்துப் போகும், வைரிக்கும் வல்லூறுக்கும் சுலபமான இரையாகும். ஐரோப்பாவில் இதற்காகவே குஞ்சுகளை வசந்தத்தில் தினமும் பல மணி நேரம் இருட்டில் வைத்து, பந்தயக் காலம் முடியும்வரை நீள இறகு விழுவதைத் தள்ளிப்போடும் வழக்கம் உண்டு. நம் வெயிலில், காற்றோட்டம் இல்லாத தகரக் கூண்டில் அதைச் செய்தால் வெக்கையிலேயே புறா போய்விடும்.

இடது ரெக்கையையும் வலது ரெக்கையையும் ஒப்பிடுங்கள். இடதில் ஐந்தாவது விழுந்து, வலதில் ஏழாவது விழுந்திருந்தால் யாரோ பிடுங்கியிருக்கிறார்கள் அல்லது அடி பட்டிருக்கிறது. பிடுங்கிய இறகு சில வாரங்களில் முளைத்துவிடும். வெட்டிய அல்லது ஒடிந்த இறகு முளைக்காது, அடுத்த முறை மாறும்வரை அப்படியேதான். வளர்ந்த இறகு செத்த பொருள், நகம் மாதிரி அதற்கு வலியும் இல்லை, ஆறுவதும் இல்லை. வேரில் ரத்தம் ஓடும் இளங்குருத்து மட்டும் உயிருள்ளது. அது ஒடிந்தால் ரத்தம் கொட்டும்.

இறகு முழுக்கப் புரதம், அதிலும் கந்தகம் சேர்ந்த புரதம். இறகு மாறும் மாதங்களில் வெறும் கம்பும் சோளமும் போதாது. பட்டாணி, பச்சைப்பயறு, கொள்ளு என்று பயறு வகையைக் கூட்டுங்கள். கொஞ்சம் ஆளிவிதையோ சூரியகாந்தி விதையோ சேருங்கள். பந்தயம் இல்லாத மாதம்தானே என்று தீனியைக் குறைப்பவர்கள் அடுத்த பந்தயத்தின் ரெக்கையை அப்போதே கெடுத்துவிடுகிறார்கள்.

ரெக்கையில் இல்லாதது

வீட்டுக்கு வழி கண்டுபிடிப்பது ரெக்கை அல்ல. சூரியனின் இடம், பூமியின் காந்தப்புலம், வாசனை என்று புறா பலதையும் பயன்படுத்துகிறது. வாசனையின் பங்கை 1970-களில் இத்தாலியில் ஃப்ளோரியானோ பாப்பி குழுவினர் முதலில் எடுத்துச் சொன்னார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஜி.பி.எஸ். கருவி கட்டிப் பறக்கவிட்டபோது, பழகிய வழியில் சில புறாக்கள் நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டே வந்தது 2004-இல் தெரியவந்தது. இதில் எதையும் ரெக்கையை விரித்துப் பார்க்க முடியாது. இருதயத்தையும் பார்க்க முடியாது. தன் ஜோடியையும் கூட்டையும் தேடி வரும் வெறியையும் பார்க்க முடியாது.

உலகச் சந்தையே இதை ஒப்புக்கொள்கிறது. 2019-இல் பெல்ஜியத்தின் ஆர்மாண்டோ என்ற ஆண் புறா 12.5 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. அடுத்த ஆண்டு நியூ கிம் என்ற பெட்டை 16 லட்சம் யூரோவுக்குப் போனது. அந்தப் பணம் பந்தய முடிவுக்கும் பரம்பரைக்கும் கொடுத்தது. ரெக்கை நன்றாக இருந்தது என்பதற்காக யாரும் கோடிகளை எடுத்து வைக்கவில்லை.

வாங்கும்போது, அனுப்பும்போது

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ தெரிந்தவர் மாடியிலோ வாங்கப் போகிறீர்கள் என்றால் என் வரிசை இது. கையில் எடுக்காமல் முதலில் தூர நின்று பாருங்கள். ரெக்கையைத் தொங்கவிடாமல் வால்மேல் வைத்திருக்கிறதா? பிறகு எடுத்து எடை, மார்பெலும்பு, வழுவழுப்பு பாருங்கள். பிறகு ரெக்கையை மெதுவாகத் திறந்து விடுங்கள், தானாகச் சட்டென்று மடங்க வேண்டும். சோர்ந்துபோய் மடங்கினால் தோளில் பழைய அடி இருக்கலாம். அப்புறம் கோடு, பேன், இரண்டு பக்கமும் எந்த இறகு மாறியிருக்கிறது என்பது. வடிவத்தைக் கடைசியாகப் பாருங்கள், அதுவும் ஆசைக்கு. ரெக்கை வெட்டி வைத்திருக்கும் புறாவில் மேலே சொன்ன பாதியைப் பார்க்கவே முடியாது. அந்த அளவுக்கு விலையைக் குறைத்துக் கேளுங்கள். வளர்ந்த ஹோமரை வாங்கினால் திறந்துவிட முடியாது, பழைய வீட்டுக்கே போய்விடும். அதைக் குஞ்சு எடுக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

விற்பவரிடம் "ரெக்கை எப்படி" என்று கேட்பதை விட்டு இதைக் கேளுங்கள்: இதன் அண்ணன் தம்பி எத்தனை டாஸிலிருந்து வந்தன, எத்தனை வரவில்லை? ரிங் நம்பரோடு கிளப் ரிசல்ட் இருக்கிறதா? பதில் இழுத்தால் காரணம் இருக்கும்.

உங்கள் வீட்டுப் புறாக்களுக்கு ஒரு நோட்டு போடுங்கள். ரிங் நம்பர், எந்தத் தேதியில் எந்த இறகு விழுந்தது, கோடு எங்கே, எந்த டாஸிலிருந்து எத்தனை மணிக்கு வந்தது. சில பந்தயக் காலம் எழுதினால் உங்கள் கூட்டுக்கு எந்த ரெக்கை வேலை செய்கிறது என்பது பெல்ஜியத்துக்காரர் சொல்லாமலேயே தெரியும். அதுவரைக்கும் ஒரே ஒரு விதி போதும். கூடையில் ஏற்றுவதற்கு முந்தின நாள் ஒன்பதாவது இறகைப் பாருங்கள். அது பாதிதான் வளர்ந்திருக்கிறது என்றால், எவ்வளவு பெரிய பரம்பரையாக இருந்தாலும் அந்தப் புறாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.